சேலத்து வெயில் கழுகுகளுக்கு ஏணி, தெரியுமா?

பங்குனி பிறந்ததும் சேலத்துக்காரர்கள் செய்யும் முதல் காரியம் வெயிலைத் திட்டுவது. இரண்டாவது காரியம் ஏற்காட்டுக்கு பஸ் ஏறுவது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காற்று குளிர்கிறது. மேலே போனதும் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம், சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறோம், இறங்கிவிடுகிறோம். நாம் திட்டிவிட்டு வந்த அதே வெயில், அதே நேரத்தில், ஒரு கழுகை இறக்கையே அடிக்கவிடாமல் ஆயிரம் மீட்டர் மேலே தூக்கிக்கொண்டு போகும், தெரியுமா?

நிமிர்ந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது தெரியும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியோ 1,600 மீட்டருக்கும் மேலே. நடுவில் மெல்ல மெல்ல ஏறுகிற சமாச்சாரமே இல்லை. சமவெளி முடிகிற இடத்தில் மலை சட்டென்று எழுந்து நிற்கிறது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் கீழே பாறைக் கரடும் தரிசு நிலமும் தார்ச்சாலையும் கொதிக்கத் தொடங்கிவிடும். அவற்றை ஒட்டியிருக்கும் காற்று சூடாகி, எடை குறைந்து, தூண் தூணாக மேலே கிளம்பும். கழுகு செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தூணைக் கண்டுபிடித்து, இறக்கையை விரித்து, உள்ளேயே வட்டமடிக்க வேண்டும். காற்று தூக்கும். உச்சிக்குப் போனதும் இறக்கையைக் கொஞ்சம் மடக்கி, போக வேண்டிய திசையில் சரிந்து மிதக்கும். கிலோமீட்டர் கணக்கில் மிதந்து போய் அடுத்த தூணைப் பிடிக்கும். மறுபடியும் வட்டம், மறுபடியும் சரிவு. கஜகஸ்தான் வரைக்கும் இப்படியே!

மலை விளிம்பில் இன்னொரு வசதியும் உண்டு. சமவெளியில் வீசும் காற்று மலைச்சரிவில் மோதினால் வேறு வழியில்லாமல் மேலேதான் ஏற வேண்டும். வெயில் இல்லாத மேகமூட்ட நாளிலும் அந்த ஏற்றக்காற்று கிடைக்கும். ஆக, ஒரே இடத்தில் இரண்டு விதமான தூக்கு விசை. உலகம் முழுக்கக் கழுகு எண்ணுபவர்கள் மலை முகடுகளையே தேடிப் போவது இதனால்தான்.

இறக்கை அடிக்காமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று நினைக்கிறீர்கள்? தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் காண்டோர் கழுகுகளின் உடலில் கருவி பொருத்தி, ஒவ்வொரு இறக்கை அடிப்பையும் பதிவு செய்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. பறக்கும் நேரத்தில் 1 சதவீதம்தான் இறக்கை அடிக்கிறதாம்! அதில் ஒரு காண்டோர் 5 மணி நேரத்துக்கும் மேல், 172 கிலோமீட்டர், ஒரு தடவைகூட இறக்கையை அடிக்கவில்லை. சேலத்திலிருந்து ஓசூர் போகும் தூரத்தைவிட அதிகம்!

சரி, யார் யார் போகிறார்கள்? நம் ஊருக்குக் குளிர்காலத்தில் விருந்தாளியாக வந்து, வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பும் இரைகொல்லிப் பறவைகளின் பட்டியல் பெரியது. மேட்டூர் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் மீனைக் குறிபார்த்துத் தண்ணீரில் பாயும் விராலடிப்பான் அதில் ஒன்று. வழுக்கும் மீன் நழுவாமல் இருக்க அதன் பாதத்தின் அடியில் முள் முள்ளாகச் செதில்கள் இருக்கின்றன. வெளி விரலைப் பின்னுக்குத் திருப்பி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று மீனைக் கவ்விக்கொள்ளும். தூக்கிய மீனின் தலையைக் காற்று வாக்கில் திருப்பி வைத்துக்கொண்டு பறக்கும். காற்றை எதிர்த்துப் போராடும் சிரமத்தைக் குறைக்க அந்த ஏற்பாடு!

புல்வெளிக்கு மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளி பொறுக்கும் பூனைப்பருந்துகள் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவை. திருநெல்வேலி வரைக்கும் வந்து குளிர்காலம் கழிக்கின்றன. பகலில் தனித்தனியாக மேய்ந்துவிட்டு, சாயங்காலம் ஒரே புல்வெளியில் தரையில் கூட்டமாகப் படுத்துத் தூங்கும் வழக்கம் இவற்றுக்கு உண்டு. ஆந்திரத்தின் ரோலப்பாடு, குஜராத்தின் வேளாவதார் ஆகிய இரண்டும் உலகிலேயே பெரிய பூனைப்பருந்துத் தங்கல்களாகப் பேர் வாங்கியவை. இவை நீண்ட இறக்கைக்காரர்கள். வெப்பக்காற்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை, இறக்கை அடித்தும் போய்விடும். அதனால் முகட்டில் நிற்பவர் கண்ணுக்குக் கழுகுகள் அளவுக்குச் சிக்காது.

சிறு கழுகு ஒன்று இருக்கிறது, பூட்டட் கழுகு என்பார்கள். கருப்பும் பழுப்புமாக ஒரு சாயல், அடிப்பக்கம் வெளுத்த இன்னொரு சாயல் என இரண்டு நிறத்தில் வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் கள்ளப்பருந்து என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்! அது நேரே உங்களை நோக்கி மிதந்து வரும்போது கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பளிச்சென்று ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளிகள் இருந்தால் அது பூட்டட் கழுகுதான். அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிவிடலாம்!

இப்படி அடையாளம் பிடிப்பதுதான் எண்ணும் வேலையின் பாதி. மீதிப் பாதி என்ன தெரியுமா? பொறுமை, நோட்டுப்புத்தகம், கழுத்து வலி.

முகட்டில் நின்று எண்ணுபவர் வானத்தில் கற்பனையாக ஒரு கோடு போட்டுக்கொள்வார், ஒரு மலை முனையிலிருந்து இன்னொரு மலை முனைக்கு. அந்தக் கோட்டை ஒரே திசையில் கடந்து, திரும்பி வராமல் போகும் பறவைக்கு மட்டும்தான் கணக்கு. அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் உள்ளூர் பருந்துக்குக் கணக்கு கிடையாது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனிப் பக்கம். காற்று எந்தத் திசை, மேகம் எவ்வளவு, எத்தனை தூரம் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டுத்தான் பறவை எண்ணிக்கை. ஒன்றுமே வராத மணி நேரத்திலும் பூஜ்யம் என்று எழுதியே தீர வேண்டும். அந்தப் பூஜ்யம் இல்லையென்றால் மற்ற எண்களுக்கு அர்த்தமே இல்லை; எத்தனை மணி நேரம் பார்த்து இத்தனை பறவை கிடைத்தது என்பதுதான் கணக்கு.

கூட்டமாக வந்தால் எப்படி எண்ணுவது? வட்டமடிக்கும்போது எண்ணக் கூடாது. மேலும் கீழுமாகச் சுழலும் நூறு பறவையை யாராலும் எண்ண முடியாது. காத்திருக்க வேண்டும். தூணின் உச்சிக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்துச் சரியத் தொடங்கும். அந்த வரிசையை எண்ணினால் ஒன்றுகூடத் தப்பாது! ஒருவர் பைனாகுலரில் பார்த்து இனத்தைச் சொல்ல, இன்னொருவர் கையிலிருக்கும் கவுண்டரை அழுத்திக்கொண்டே இருப்பார். இன்னொரு நுணுக்கம்: சுத்தமான நீல வானம் எண்ணுபவருக்கு எதிரி. எல்லையில்லாத நீலத்தில் கண்ணுக்கு நிலைக்க எதுவும் கிடைக்காமல் பறவை தொலைந்துவிடும். திட்டுத் திட்டாக வெண்மேகம் இருக்கும் நாள்தான் பொன்னான நாள். வெள்ளைப் பின்னணியில் கரும்புள்ளி பளிச்சென்று தெரியும்.

வசந்தகால எண்ணிக்கைக்கு மட்டும் ஒரு தனி மதிப்பு உண்டு, அது தெரியுமா? இலையுதிர்காலத்தில் தெற்கே வரும் கூட்டத்தில் அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகளும் சேர்ந்திருக்கும், கூட்டம் பெரிது. வழியில் பசி, வலை, துப்பாக்கி, மின்கம்பி எல்லாவற்றையும் தாண்டி, குளிர்காலத்தையும் கழித்துப் பிழைத்தவை மட்டும்தான் வசந்தத்தில் திரும்புகின்றன. அடுத்த தலைமுறையைப் பெறப் போவது இந்தக் கூட்டம்தான். எண்ணிக்கை குறைவு; ஆனால் இனத்தின் எதிர்காலம் மொத்தமும் அதற்குள்ளே. கூடு கட்டும் அவசரத்தில் இவை வேகமாகவும் போகும். கோடை வெயிலில் வெப்பத்தூண்கள் மிக உயரம் எழுவதால் பறவைகளும் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் போய்விடும். அதனால் வசந்தத்தில் எண்ணுவது கஷ்டம். கஷ்டமாக இருப்பதாலேயே அதைச் செய்பவர்களும் குறைவு.

மேட்டூர் அணை திறந்த ஆண்டு 1934 என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதே 1934-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலை முகட்டில் என்ன நடந்தது தெரியுமா? கிட்டாடின்னி என்ற அந்த நீளமான மலைத்தொடரில், வலசை போகும் பருந்துகளைச் சுட்டுத் தள்ளுவது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. வார இறுதிகளில் கார் கட்டிக்கொண்டு வந்து சுடுவார்கள். சில இனங்களைக் கொன்றால் அரசாங்கமே பணம் கொடுத்தது. செத்த பறவைகளை வரிசையாக அடுக்கி எடுத்த படங்களைப் பார்த்துக் கொதித்துப்போன ரோசலி எட்ஜ் என்ற நியூயார்க் பெண்மணி, அந்த மலையில் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்! மாரிஸ் புரூன் என்பவரையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு வைத்தார். துப்பாக்கிக்காரர்களை இர்மா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப, மாரிஸ் மேலே பாறையில் உட்கார்ந்து பறவைகளை எண்ணத் தொடங்கினார். ஹாக் மவுன்டன் சரணாலயம் அப்படிப் பிறந்தது. உலகப் போர்க்காலத்தில் மட்டும் சில ஆண்டுகள் நின்றுபோன அந்த எண்ணிக்கை இன்றும் நடக்கிறது.

உண்மையான ஆச்சரியம் இனிமேல்தான். சும்மா எண்ணி எழுதி வைத்த அந்த நோட்டுப்புத்தகங்கள் 1962-ல் உலகத்தையே உலுக்கிய ஒரு புத்தகத்துக்குச் சாட்சியாகப் போயின. ரேச்சல் கார்சனின் ‘சைலன்ட் ஸ்பிரிங்’தான் அது. 1935 முதல் 1939 வரை அந்த முகட்டைக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரையிலான கணக்கில் அது 20 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 1957-ல் மட்டும் 32 வளர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஒரு இளம் கழுகு! பெரியவை பறக்கின்றன, குஞ்சுகளைக் காணோம். முட்டை பொரியவில்லை. டி.டி.டி. பூச்சிமருந்துதான் காரணம் என்று கார்சன் குற்றம்சாட்ட, இந்த எண்கள் அவருக்குப் பக்கபலமாக நின்றன. அந்த மருந்து முட்டை ஓட்டையே மெலிதாக்கி, தாய்ப்பறவை அடைகாக்க உட்கார்ந்ததும் உடைய வைத்தது என்பது பின்னர் வெளிவந்தது. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. முகட்டில் உட்கார்ந்து எண்ணியவருக்கு 1930-களில் டி.டி.டி. என்ற பெயரே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே எண்ணியதுதான் கடைசியில் கழுகுகளைக் காப்பாற்றியது.

வசந்தத்தில் எண்ணும் ஊர்களும் உண்டு. தைவானில் பாகுவா மலை என்று ஒரு தாழ்ந்த குன்றுத்தொடர். ஒவ்வொரு மார்ச் மாதமும் சாம்பல்முகப் பருந்துகள் தெற்கிலிருந்து திரும்பி வந்து அதன் மேலே கடக்கும். 1970-களில் இவற்றைப் பிடித்து, பஞ்சு அடைத்து, அலங்காரப் பொருளாக ஜப்பானுக்கு விற்றார்கள். இன்று அதே ஊரில் மார்ச் மாதம் பருந்துத் திருவிழா! குடும்பம் குடும்பமாகப் பைனாகுலரோடு மலையேறுகிறார்கள்.

இஸ்ரேலின் தென்கோடியில் எய்லாட் நகரம். 1985 வசந்தத்தில் அங்கே எண்ணப்பட்ட இரைகொல்லிப் பறவைகள் 10 லட்சத்துக்கும் மேல். இத்தனை பறவையும் போர் விமானங்களும் ஒரே வானத்தில் பறந்தால் என்ன ஆகும்? மோதின. விமானங்கள் விழுந்தன, விமானிகள் இறந்தார்கள். யோசி லெஷம் என்ற பறவையியலாளர் மோட்டார் கிளைடரில் ஏறிப் பறவைக் கூட்டங்களோடு சேர்ந்தே பறந்து, அவை எந்த நாளில், எந்த உயரத்தில், எந்த வழியில் போகின்றன என்று வரைபடம் போட்டுக் கொடுத்தார். விமானப்படை அந்த நாட்களில் அந்த உயரத்தைப் பறவைகளுக்கு விட்டுக்கொடுத்தது. மோதல்கள் வெகுவாகக் குறைந்தன. ராணுவமே கழுகுகளுக்கு வழி விட்டது!

நம் நாட்டிலும் வசந்த எண்ணிக்கை நடந்திருக்கிறது. இமாச்சலத்தின் தர்மசாலா. தவுலாதர் மலைச்சுவருக்குக் கீழே நின்று, யான் வில்லெம் டென் பெஸ்டன் என்பவர் 2001 இலையுதிர்காலத்திலும் 2002 வசந்தத்திலும் கழுகுகளை எண்ணினார். ஸ்டெப்பி கழுகுகள் ஆயிரக்கணக்கில் கடந்தன. இமயத்தைக் குறுக்கே தாண்டியா? இல்லை! மலையோரமாகவே நீளவாக்கில் போயின. வசந்தத்தில் அதே வழியில் எதிர்த்திசை. வலசை என்றாலே வடக்கு தெற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது பெரிய பாடம். நேபாளத்தில் பொக்காராவுக்குப் பக்கத்தில் தூலாகர்கா என்ற முகட்டில் 2012 முதல் இலையுதிர்கால எண்ணிக்கை நடந்துவருகிறது. அங்கேயும் முக்கிய யாத்ரிகர் ஸ்டெப்பி கழுகுதான். மெக்சிகோவின் வெராக்ரூஸில் ஒரே இலையுதிர் பருவத்தில் கடக்கும் இரைகொல்லிப் பறவைகள் 40 லட்சத்துக்கும் மேல். கருங்கடல் ஓரத்தில் ஜார்ஜியாவின் பத்தூமியில் 10 லட்சத்துக்கும் மேல்.

எல்லாவற்றையும்விட என்னை உறங்கவிடாமல் செய்யும் பறவை ஒன்று உண்டு. அமூர் வல்லூறு. எடை சுமார் 150 கிராம், புறாவைவிடச் சின்னது. சீனாவின் வடக்கிலும் சைபீரியாவின் கிழக்கிலும் பிறந்து, குளிர்காலத்துக்குத் தென்னாப்பிரிக்கா வரை போகிறது. ஆண்டுக்குப் போக வர 20,000 கிலோமீட்டருக்கும் மேல்! அக்டோபர், நவம்பரில் நாகாலாந்திலும் மணிப்பூரிலும் லட்சக்கணக்கில் இறங்கி, புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைத் தின்று கொழுக்கிறது. பிறகு இந்தியத் தீபகற்பத்தைக் கடந்து, அரபிக்கடலுக்கு மேலே ஒரே மூச்சாக ஆப்பிரிக்கா. நடுவில் உட்கார ஒரு கிளைகூடக் கிடையாது.

2012-ல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் என்ன நடந்தது என்று வெளியே தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. வலை விரித்து, நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வரை, அந்த ஒரு பருவத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் பிடித்துக் கொன்றார்கள். அந்த எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு ஊருக்குச் சொன்னதால்தான் விடிவு பிறந்தது. கிராம சபைகள் முடிவெடுத்தன, தேவாலயங்கள் பேசின, வனத்துறை இறங்கியது. அடுத்த ஆண்டே, 2013-ல், வேட்டை நின்றுபோனது! பிடித்த கைகளே காவல் காத்தன. அதே 2013-ல் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தார் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். பெயர்: நாகா, வோக்கா, பாங்டி. 2025 நவம்பரில் மணிப்பூரின் தமெங்லாங்கில் இன்னும் மூன்றுக்குப் பொருத்தினார்கள்: அபாபாங், அலாங், அஹு. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பறவைகள் சுமார் ஒரு வாரத்திலேயே ஆப்பிரிக்கக் கரையைத் தொட்டன. வழியை நாடே போனில் பார்த்துக்கொண்டிருந்தது.

கடலுக்கு மேலே சாப்பாட்டுக்கு என்ன செய்யும்? மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் அந்தத் தீவுகளில் லட்சக்கணக்கான தும்பிகள் திடீரென்று வந்து இறங்குவதைக் கவனித்தார். குளம் குட்டையே இல்லாத பவளத்தீவில் தும்பிக்கு என்ன வேலை? அவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன என்று 2009-ல் எழுதினார். அதே காற்று, அதே காலம், அதே திசை. தும்பிகள் முன்னே போக, அவற்றைத் தின்னும் வல்லூறுகளும் அதே வழியில்! ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வல்லூறுகள் மேற்கிலிருந்து கடல் தாண்டித் திரும்பும்போது நமக்குக் கத்திரி வெயில். கூர்மையான, நீண்ட இறக்கைகளோடு சிறு கூட்டமாக ஏதாவது கடந்தால், கண்ணை எடுக்காதீர்கள்.

வலசைப் பறவைகளுக்காக மேலே பார்க்கும்போது, சேர்வராயன் மலையின் சொந்தக்காரர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கணக்கு குழம்பும். செங்குத்துப் பாறை முகங்களில் ஷாஹீன் வல்லூறு. உலகின் மிக வேகமான உயிரினமான பொரி வல்லூறின் நம் நாட்டுக் கிளை. மேலிருந்து இரையை நோக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்! இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய கதை விசித்திரமானது. சுண்டவால் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர், இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கடலில், கப்பலில் பிடிபட்ட ஒரு இளம் பறவையை வைத்து 1837-ல் இதை விவரித்தார். நடுக்கடலில் பிடிபட்டாலும் இது வலசை போகும் பறவை இல்லை. தன் பாறையை விட்டு அதிகம் நகராது.

காட்டின் தலைக்கு மேலே, மரநுனிகளை உரசுவதுபோல மெதுவாக, மிக மெதுவாக மிதந்துபோகும் கன்னங்கரிய பறவை கருங்கழுகு. மற்ற பறவைகளின் கூடுகளைத் தேடித்தான் இந்தச் சாவகாசம். முட்டையோடு குஞ்சோடு கூட்டையே பெயர்த்துக் காலில் தூக்கிக்கொண்டு போய்விடும்! நீளமான விசில் ஒலி கேட்டு நிமிர்ந்தால், இறக்கையின் அடியில் அகலமான வெள்ளைப் பட்டையோடு வட்டமடிப்பது கொண்டைப் பாம்புக் கழுகு. இரண்டுமே ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி வரும். கணக்கில் சேர்க்கக் கூடாது.

தேன் பருந்து விஷயத்தில்தான் நிதானம் தேவை. உள்ளூரிலேயே இருப்பவையும் உண்டு, வெளியிலிருந்து வருபவையும் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பிச் செடி ஏறிய மலை இது. கோடையில் ஒரு மழை பெய்து பத்து நாள் போனால் காப்பித் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகப் பூத்து மணக்கும். பூவைத் தேடித் தேனீ வரும். தேனீயைத் தேடித் தேன் பருந்து வரும். தேன் பருந்துக்குத் தேனைவிட அடையிலிருக்கும் புழுதான் விருந்து. ஆயிரக்கணக்கான மலைத்தேனீக்கள் சூழ்ந்து கொட்டினாலும் அசராது. அதன் முகத்தைப் படத்தில் உற்றுப் பாருங்கள்: கண்ணைச் சுற்றிலும் அலகின் அடியிலும் மற்ற பருந்துகளுக்கு இல்லாத குட்டிக் குட்டி இறகுகள், மீன் செதில்போல இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். கொடுக்கு உள்ளே இறங்க இடமே இல்லை!

இந்த மலைகளின் பறவைகளைக் கணக்கெடுக்க வெளியூர்க்காரர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். ஆர்தர் வெர்னே என்ற செல்வந்தரின் செலவில் நடந்த கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வுக்காக, லாபெர்சோன் என்ற சேகரிப்பாளர் சேர்வராயன் மலையிலும், அடிவாரத்துக் குரும்பப்பட்டியிலும், சித்தேரி மலையிலும் முகாம் போட்டார். அந்த ஆய்வு 1930-களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் நீண்ட தொடராக வந்தது. அன்றைக்கு ஒரு பறவையைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் சுட வேண்டும். இன்றைக்கு ஒரு போன் போதும்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே கசப்பான சாட்சி இருக்கிறது. 1980-களில் பாறுக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. எங்கும் இருக்கிறதே, எதற்கு எண்ணுவது என்று விட்டுவிட்டோம். ராஜஸ்தானின் பரத்பூரில் விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் மட்டும் எண்ணி வைத்திருந்தார். 1990-களில் எண்ணிக்கை சரிவதைப் பார்த்து அவர் எச்சரித்தார். மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்துதான் காரணம் என்று 2004-ல் தெரிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. அதற்குள் முக்கிய இனங்களில் நூற்றுக்கு தொண்ணூற்று ஏழுக்கும் மேல் போய்விட்டன. இப்போது தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாறுகளை எண்ணுகின்றன. 2023 பிப்ரவரியில் 246. அதே ஆண்டு டிசம்பரில் 320. ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்த பிறகுதான் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ஆனால் தமிழர்களுக்கு எண்ணத் தெரியாதா என்ன? 2015 முதல் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நாலு நாள், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று மாநிலம் முழுக்க மாணவர்களும் ஆசிரியர்களும் விவசாயிகளும் எண்ணுகிறார்கள். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட சாதாரணப் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த சுமார் 3 கோடிக் குறிப்புகளிலிருந்து உருவானது. திறந்தவெளிகளை நம்பியிருக்கும் இரைகொல்லிப் பறவைகள் மோசமாகக் குறைந்து வருகின்றன என்று அந்த அறிக்கை சொல்கிறது. அவற்றுக்குத்தான் இப்போது எண்ணுபவர்கள் வேண்டும்.

எனவே, இந்தப் பங்குனியிலும் சித்திரையிலும் ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஜ்ஜி சாப்பிடுங்கள், போட்டோ எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு காலைப்பொழுதை வானத்துக்குக் கொடுங்கள். ஒன்பது மணிக்குள் இடம் பிடித்துவிடுங்கள். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கரடியூர் காட்சிமுனை, நாலாபுறமும் வானம் திறந்து கிடக்கும் சேர்வராயன் கோயில் மேடு, எதுவும் சரி. தொப்பி, தண்ணீர், சாதாரணப் பைனாகுலர், ஒரு நோட்டு, பேனா போதும். தடுப்புக் கம்பியைத் தாண்டாதீர்கள். சூரியனைப் பைனாகுலரில் பார்க்கவே கூடாது. பாறையில் கூடு தெரிந்தால் கிட்டே போகாதீர்கள், கூடு இருக்கும் இடத்தைப் போட்டு யாருக்கும் அனுப்பாதீர்கள். மதியம் ஒரு மணி வரை, மணிக்கு ஒரு பக்கமாக எழுதுங்கள்: நேரம், காற்று, மேகம், பறவை, போன திசை. பெயர் தெரியாவிட்டால் ‘பெரிய பருந்து, வடக்கே போனது’ என்று எழுதினாலும் அது கணக்குதான். ஒன்றும் வராவிட்டால் பூஜ்யம் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பறவைக் குறிப்புகளைப் பதியும் ஈ-பேர்டு செயலியில் ஏற்றிவிடுங்கள், அது இலவசம். அடுத்த வருடம் அதே வாரத்தில், அதே இடத்தில், மறுபடியும் போய் எண்ணுங்கள்.